நம்ம ஊர் நிலா எந்தப் பக்கம் பார்க்கும்?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பௌர்ணமி. மாலை நிகழ்ச்சியில் இருந்த எனக்கு அன்று ஏதோ உற்சாகம். "வேலை விட்டு வீட்டுக்குப் போறவங்க அப்படியே வாசல்ல நின்னு நிலாவை ஒரு படம் எடுங்க. நம்ம புலனத்துக்கு அனுப்புங்க. நல்ல படத்தை முகநூல்ல போடுறோம்" என்று இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் படங்கள் வந்து குவிந்தன. அதில் முக்கால்வாசி, நிலாவா தெருவிளக்கா என்று அனுப்பியவருக்கே தெரியாத வெள்ளைப் பொட்டுகள்.

ஒரே ஒரு படம் மட்டும் வேறு மாதிரி. வரிசையாகப் பால் மரங்கள். அவற்றுக்குப் பின்னால், மூன்று மரத்தை மறைக்கிற அகலத்துக்கு மஞ்சள் நிலா. மேட்டும் பள்ளமும் அத்தனை தெளிவு. கீழே, "நெகிரி செம்பிலான், எங்க தோட்டத்து நிலா" என்று ஒரு வரி. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஏழு வயது வரை வளர்ந்தவள் நான். கேட்கவா வேண்டும்? ஒலிவாங்கி முன்னால் உருகிவிட்டேன். படம் முகநூலில் ஏறியது. விருப்பக்குறிகள் விழுந்துகொண்டே இருந்தன.

மறுநாள் மதியம் ஓர் அழைப்பு. சிரம்பானில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். நெடுநாள் நேயர்.

"நிகழ்ச்சி நல்லா இருந்துச்சும்மா. ஆனா நேத்து போட்டீங்களே ஒரு நிலா, அது நம்ம ஊர் நிலா இல்ல."

"எப்படி சார் சொல்றீங்க?"

"நம்ம ஊர்ல அது படுத்துக்கிட்டே எழும்பும்மா. உங்க படத்துல நிமிர்ந்து நிக்குது. கிழக்குப் பக்கமா போய் நின்னு பாருங்க." வைத்துவிட்டார்.

ஊடகவியல் படித்தவள் நான். திருத்திய படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் எழுதித் தேறியிருக்கிறேன். அந்தப் படிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உடன் வேலை செய்பவரிடம் சொன்னேன். "நிலாதானே, விடுங்க. யாருக்கும் நட்டமில்லையே" என்றார். நானும் அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் சார் சொன்ன அந்த 'படுத்துக்கிட்டு' மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேடிப் படித்ததில் விஷயம் இதுதான். நாம் பாடப் புத்தகத்திலும் இணையத்திலும் பார்க்கிற நிலாப் படங்களில் பெரும்பாலானவற்றில் நிலாவின் வடக்கு மேலே இருக்கும். கீழ்ப்பகுதியில் டைக்கோ என்ற பெரும்பள்ளம். 85 கிலோமீட்டர் அகலம், அதிலிருந்து வெள்ளைக் கோடுகள் நாலா பக்கமும் தெறித்திருக்கும். ஐரோப்பாவில் நிலா தெற்கு வானில் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். சிரம்பான் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரிகூட வடக்கே இல்லை. இங்கே நிலா கிழக்கிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறுகிறது. கிழக்கு பார்த்து நின்றால் வடக்கு நமது இடக்கைப் பக்கம்தானே? நிலாவின் வடக்கும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். ஆகவே, டைக்கோ கீழே இல்லாமல் வலப்பக்கத்தில் இருக்கும். அதே நிலா விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது டைக்கோ இடப்பக்கம் வந்துவிடும். ஒரே இரவில் குட்டிக்கரணம்.

பிறையும் அப்படித்தான். இங்கே மூன்றாம் பிறையைப் பார்த்தால் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். போர்ட்டிக்சன் தெலுக் கெமாங்கில் நோன்பு மாதத்துக்குப் பிறை பார்க்கும் பைத்துல் ஹிலால் இருக்கிறதல்லவா, அங்கே தொலைநோக்கியில் தேடுவதும் இந்தக் கிண்ணத்தின் அடிவிளிம்பு போன்ற மெல்லிய கீற்றைத்தான். நம் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களில் மட்டும் பிறை இன்னும் லண்டன் பிறையாகச் செங்குத்தாக நிற்கிறது.

முகநூல் படத்தை மறுபடி பார்த்தேன். டைக்கோ சமர்த்தாகக் கீழே உட்கார்ந்திருந்தது. எங்கிருந்தோ இறக்கிய நிலாவை மரத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

அளவும் இடித்தது. வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் நகமே நிலாவை மறைத்துவிடும். 20 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் நிலாவின் உயரத்துக்குச் சமமாகப் படத்தில் வர வேண்டுமானால் அந்த மரத்திலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். மலையோ கோபுரமோ என்றால் முடியும். பால் மரக் காட்டுக்குள் 2 கிலோமீட்டருக்குப் பார்வையை மறைக்காத வெளியை எங்கே தேடுவது?

சரி, நாமே ஒரு நல்ல நிலாவைப் பிடித்துவிடுவோம் என்று ரோசம் வந்தது.

மச்சானிடம் பழைய கேனன் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. கூடவே 55-250 லென்ஸ். கல்யாண வீடுகளில் படம் எடுத்துக் காசு பார்த்த காலத்தில் வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனேன். தோட்டத்தை விட்டு வெளியே, சாலையோரத் தாமானில் இப்போது பாட்டி இருக்கிறார். நாங்கள் இருந்த லயம் இல்லை. பால் மரங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை. ஆனாலும் வீட்டின் பின்பக்கம் கிழக்கே செம்பனைக் காடு. பெரிய விளக்குகள் இல்லை.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். இந்தக் கணக்கு தெரியாமல் ஏழு மணிக்கே பின்கட்டில் முக்காலியை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்குத்தான் வந்தது. வந்தது என்னவோ உண்மைதான். படுத்துக்கொண்டே வந்தது! கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் டைக்கோவின் வெள்ளைக் கோடுகள் வலப்பக்கம். சாருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் போட்டேன்.

படம்தான் வரவில்லை. கேமராவைத் தானியங்கியில் வைத்துப் பத்துப் பதினைந்து எடுத்தேன். எல்லாவற்றிலும் நடுவில் வெள்ளைத் தட்டு, சுற்றிலும் புகை. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, குழல் விளக்கையா புடிச்ச?"

முதன்முதலாக நிலாவைப் பிடிக்கப் போகிற எல்லாரும் விழுகிற குழி இது. இரவில் எடுக்கிறோம், அதனால் இது இருட்டுப் படம் என்று நினைத்துக்கொள்கிறோம். கேமராவும் அப்படியே நினைக்கிறது. படத்தில் பெரும்பகுதி கறுப்பு வானம் என்பதால் 'ஐயோ, இருட்டு' என்று கதவை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. நிலா வெந்து வெளுத்துவிடுகிறது. உண்மையில் அது உச்சி வெயிலில் கிடக்கிற ஒரு கல். வெள்ளைக் கல்கூட இல்லை. தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூற்றில் 12 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம். கறுப்பு வானத்தில் தனியாகத் தொங்குவதால் நமக்கு வெள்ளி மாதிரி தெரிகிறது.

ஆகவே, பகலில் சாலையைப் படம் எடுக்கிற மாதிரிதான் நிலாவை எடுக்க வேண்டும். படக்காரர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். கேமராவை மேனுவலுக்கு மாற்றி, எஃப் 11 வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ எவ்வளவோ அவ்வளவு பங்கு நொடி ஷட்டர். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. நம் ஊர் ஈரக் காற்று வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், அதற்காக ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். எனக்குச் சரியாக வந்தது எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/250. வானம் முழுக்கக் கறுப்பானது. வெள்ளைத் தட்டு மறைந்து, சாம்பல் திட்டுகள் வந்தன.

இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்ததால் ஒருவருக்கு உலகப் புகழ் கிடைத்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோவில் எர்னாண்டெஸ் என்ற சிற்றூர் வழியாகக் காரில் போகிறார். அந்தி நேரம். ஊர்க் கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெளிச்சம், மேலே நிலா. வண்டியை நிறுத்திப் பெரிய கேமராவை இறக்கி வைக்கிறார். வெளிச்சம் அளக்கும் கருவியைக் காணோம்! நிலாவின் ஒளி எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது பின்கதை. மனிதர் தேதி குறித்து வைக்கவில்லை. 1941 என்றும் 1944 என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிவந்தார். பல ஆண்டுகள் கழித்து, வானியல் தெரிந்தவர்கள் படத்திலிருந்த நிலாவின் இடத்தையும் மலையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடிவு வந்தது. எடுத்தவருக்கே மறந்துபோனதை நிலா சொல்லிவிட்டது. சிரம்பான் சார் எனக்குச் செய்து காட்டியதும் ஏறக்குறைய இதையேதான்.

பாட்டியிடம் சாம்பல் நிலாவைக் காட்டினேன். "ம்… இப்ப பரவால்ல. ஆனா மொழுக்குன்னு இருக்கே" என்றார். பௌர்ணமி நிலாவில் சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்கிறது. நிழல் விழாது. நிழல் இல்லாமல் மேடு பள்ளம் எப்படித் தெரியும்?

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாட்டியே சொன்னார். மரம் சீவப் போகிற காலத்தில் தலையில் விளக்கு. வெளிச்சம் பட்டைக்கு நேராக அடித்தால் பழைய வெட்டு எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாதாம். தலையைக் கொஞ்சம் திருப்பி வெளிச்சத்தைச் சாய்த்து விட்டால் கோடு எழுந்து நிற்குமாம். "உளி ஆழமா போச்சுன்னா மரம் காயமாயிரும், கிராணி கத்துவாரு. அதனால சாய்ச்சித்தான் அடிக்கணும்." நிலாப் படம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் விடிவதற்கு முன்னே வேலை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள் அல்லவா? அதற்குப் பிறகு பிரட்டுக்குப் போகும்போது இன்னும் கும்மிருட்டாகிவிட்டது என்று பாட்டிக்கு இன்றுவரை குறை. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் லயத்திலிருந்து காட்டு முனை வரைக்கும் விளக்கு தேவைப்படாதாம். மேற்கே இறங்குகிற நிலா போதும். மரத்துக்கு அடியில் போனதும் மறுபடி இருட்டு. "அப்போல்லாம் நிலாவ யாரு நின்னு பாத்தா? அது வழி காட்டுச்சு, நடந்தோம்."

சாய்ந்த வெளிச்சத்துக்காக மூன்று வாரம் காத்திருந்து, வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி மறுபடி போனேன். பாதி நிலா. வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோட்டை ஒட்டிச் சூரியன் தாழ்ந்து அடிப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நிலாவை எடுப்பதானால் அந்த நாளில் எடுங்கள். பௌர்ணமி பாட்டுக்கு நல்லது, படத்துக்குப் பாதி நிலாதான். பாதி நிலா என்றால் பாதி வெளிச்சம் இருக்குமென்று நினைத்துவிட வேண்டாம். முழு நிலாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஷட்டரை நான்கு மடங்கு மெதுவாக்கி 1/60 வைத்தேன்.

இதில் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. எட்டாம் நாள் நிலா, அந்தி சாயும் நேரத்தில் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். முக்காலியில் கேமராவை நேர் மேலே திருப்பினால் தலைப்பகுதி நழுவுகிறது, பின்திரையைப் பார்க்கக் கழுத்து உடைகிறது. பாட்டி பாயைக் கொண்டுவந்து போட்டார். மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்தேன். கொசு தனிக் கணக்கு.

கைப்பட்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பொத்தானை விரலால் அழுத்தினாலே கேமரா ஆடும். இரண்டு நொடித் தாமதம் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கத்தடுப்பை அணைத்துவிடுங்கள். குவியத்தைத் தானியங்கியிடம் விடாமல், பின்திரையில் நிலாவின் விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் திருப்புங்கள். நிலா தன் அகலத்தைத் தானே இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், அதனால் அடிக்கடி கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வெளியில் கிடக்கட்டும். இந்த ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். அம்மாவின் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா பொட்டலங்கள், அது போதும். மச்சானின் லென்ஸ் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

250 லென்ஸில் நிலா எவ்வளவு பெரிதாக வரும்? உள்ளே இருக்கும் சென்சாரில் 2 மில்லிமீட்டர் சொச்சம். படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கினால் 600 பிக்சல் அகலத்துக்கு ஒரு வட்டம் தேறும். கைப்பேசியில் காட்ட அது தாராளம். இதற்கு மேல் ஆசையுள்ளவர்கள் 2015-இல் வந்த நிக்கான் பி900 போன்ற, 83 மடங்கு இழுக்கிற ஒற்றைக் கேமராவைப் பழைய விலைக்குத் தேடலாம். கைப்பேசி மட்டுமே இருந்தால் தொலைநோக்கியின் கண்ணாடியில் அதை ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம். பத்தில் ஒன்று நன்றாக வரும்.

'எதற்கு இந்தப் பாடு? என் கைப்பேசியே நூறு மடங்கு இழுக்கிறதே' என்பவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு வேலை செய்தார். இணையத்திலிருந்து நிலாப் படம் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே சிறிதாக்கி, விவரம் எதுவும் மிஞ்சாத அளவுக்குக் கலைத்துக் கணினித் திரையில் வைத்தார். இருட்டறையில் தள்ளி நின்று சாம்சுங் கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் எடுத்தார். கைப்பேசி கொடுத்த படத்தில், திரையில் இல்லாத பள்ளங்கள் இருந்தன! நிலா என்று அடையாளம் கண்டால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விவரங்களைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமும் விளக்கியது. வேண்டாமென்றால் அந்த வசதியை அணைத்துவிடலாம். அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளங்களைப் பார்த்தது உங்கள் லென்ஸ் அல்ல.

ஒரு புள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டால் சண்முக சுப்பிரமணியனைச் சொல்வேன். மதுரைக்காரர், சென்னையில் வேலை பார்த்த பொறியாளர். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 விண்கலத்தின் விக்ரம் இறங்கியபோது தொடர்பு அறுந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் அந்தப் பகுதியை எடுத்த படம் அந்த மாதம் 26-ஆம் தேதி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழையதில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரே ஒரு பிக்சல். நாசாவுக்கு எழுதினார். அவர்கள் பிறகு எடுத்த படங்களோடு சரிபார்த்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பரில் அறிவித்து, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையே போட்டார்கள். விழுந்த இடத்திலிருந்து 750 மீட்டர் தள்ளிக் கிடந்த துண்டு அது. நடுவில் ஏதாவதொரு மென்பொருள் புகுந்து, 'நிலா இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று மெழுகியிருந்தால் அந்தப் புள்ளி என்னவாகியிருக்கும்?

இதைப் படித்த அன்றுதான் முகநூல் படத்தை அப்படியே விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். திருத்தம் சொல்வதற்கு முன் அனுப்பியவரிடம் பேசிவிடுவது முறை. எண்ணைத் தேடி அழைத்தேன். எடுத்தது ஒரு பையன். படிவம் இரண்டு. நான் யாரென்று சொன்னதும் எதிர்முனையில் சத்தமே இல்லை.

"திட்டுவீங்களா அக்கா?"

"இல்லப்பா. நிலா எங்கேருந்து எடுத்தே?"

"நெட்டுல."

"மரம்?"

"அது உண்மைதான் அக்கா. தாத்தாகிட்ட இருந்த பழைய போட்டோ. எங்க தோட்டம்தான். இப்ப அந்த மரமெல்லாம் இல்ல, செம்பனை நட்டுட்டாங்க. தாத்தா எப்பவும் சொல்வாரு, அந்த மரத்துக்குப் பின்னாடி நிலா ஏறும்போது எப்படி இருக்கும்னு. போட்டோவுல நிலா இல்ல. அதான் நான் வெச்சேன். தாத்தாவுக்குக் காட்டத்தான் செஞ்சேன். அன்னிக்கு நீங்க கேட்டீங்களா, அனுப்பிட்டேன்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏமாற்ற நினைத்த ஒருவரைத் தேடித்தான் அழைத்தேன், கிடைத்தது இவன். மரமும் பொய்யில்லை, தாத்தா பார்த்ததும் பொய்யில்லை. ஆனால் படத்தின் கீழே எழுதியிருந்தது பொய். நான் வானொலியில் சொன்னதும் பொய். பையனிடம் அதை அப்படியே சொன்னேன். அவன் பெயரைச் சொல்லமாட்டேன், ஆனால் படம் ஒட்டியது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்றேன். "தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "காட்டினப்பவே சொல்லிட்டாரு அக்கா, இவ்ளோ பெருசா இருக்காதுடான்னு."

மறுநாள் நிகழ்ச்சியில் திருத்தம் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகநூலிலும் படத்துக்குக் கீழே எழுதினோம். சிலர் சிரித்தார்கள், ஒருவர் இனி உங்களை நம்பவே மாட்டேன் என்று எழுதினார். சிரம்பான் சார் அழைத்து, பாதி நிலாவில் 1/60 வைத்தீர்களா 1/125 வைத்தீர்களா என்று விசாரித்தார்.

போன பௌர்ணமியன்று பையனிடமிருந்து ஒரு படம் வந்தது. அக்காவின் கைப்பேசியில், அந்தச் செயற்கைக் கூட்டலை அணைத்துவிட்டு எடுத்ததாம். இளம் செம்பனை மட்டைகள், குறுக்கே ஒரு மின்கம்பி, அதற்கு மேல் பட்டாணி அளவு நிலா. நிறையப் பெரிதாக்கினால் திட்டுகள் மங்கலாகத் தெரிகின்றன. டைக்கோ இருக்க வேண்டிய வலப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு. பாட்டியிடம் காட்டினேன். கம்பி எதற்கு என்று கேட்டார்.

அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. நம் நேரப்படி நள்ளிரவு கழிந்து பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றரை மணி வரை, 2029 பிறந்த கையோடு, நிலா முழுவதும் பூமியின் நிழலுக்குள் சிவந்து நிற்கும். அதற்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் உதவாது. நொடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும், முக்காலி ஆடக்கூடாது. அந்த நேரத்தில் நிலா உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், ஆகவே பாயும் வேண்டும். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பையன் இப்போதே சொல்லிவிட்டான். எனக்கு அன்றைக்குப் புத்தாண்டுச் சிறப்பு நிகழ்ச்சி இருக்கும். விடுப்புக்கு எப்போது எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.